புதுப்பிப்பு: தலைப்புக்குப் பதிலாகச் சிரட்டை

நாகர்கோவிலில் நடக்கும் எங்கள் எழுத்துக் கூட்டத்தில் 'மழை', 'தனிமை' என்று தலைப்பு கொடுப்பதை விட்டுவிட்டு, வீட்டுப் பொருள் ஒன்றை நடுவில் வைத்து எழுதப் போகிறோம் என்று முன்பு சொல்லியிருந்தேன். 'பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி ஆகிவிடுமே' என்று சிலர் கேட்டீர்கள். ஆகவில்லை.

சிரட்டைதான் (கொட்டாங்குச்சி) எல்லாரையும் அசத்தியது. குலசேகரம் பக்கத்து அக்கா எழுதியதில் அது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் தலையில் விளக்கோடு இருட்டிலேயே பால் வெட்டப் போகிறாள் ஒரு பெண். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இன்னொருவருக்குச் சிரட்டைப் புட்டு. ஒரு தம்பிக்கு இஸ்திரிப் பெட்டிக் கரி.

மீனவர் வீட்டு நண்பர் கொண்டுவந்த பழைய ஜிபிஎஸ் கருவி வேறு மாதிரி. கிட்டத்தட்ட எல்லாரும், கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பாத 2017 ஒக்கிப் புயலையே எழுதினார்கள். நல்ல எழுத்துதான். ஆனாலும் ஊருக்கே தெரிந்த துயரம் ஒட்டியிருக்கும் பொருள் எல்லாரையும் ஒரே வழியில் இழுத்துவிடுகிறது என்பது என் எண்ணம். அதன் பிறகு தேய்ந்த, யாரும் கவனிக்காத சாமான்களையே கேட்கிறோம். குத்துவிளக்குக்கு இடமில்லை (பார்த்தாலே எல்லாருக்கும் பாட்டி நினைவு வந்துவிடுகிறது).

அப்புறம், பொருளைக் கையில் வாங்கி, முகர்ந்து, கனம் பார்த்துவிட்டுத்தான் பேனா எடுக்க வேண்டும். படம் அனுப்பினால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: போதாது. அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்தின் சுண்ணாம்பு வாசம் படத்தில் வராது. அடுத்து மீன்கூடை வருகிறது. வாசம் ஆகாதவர்கள் ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.