விரல் ரேகை தேய்ந்தவருக்கு வங்கிக் கணக்கு கிடையாதா?

முந்திரிக்கொட்டை:
பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா முப்பது வருஷமாக முந்திரி உடைக்கிறார். தோட்டிலிருக்கும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனி கறுத்து, ரேகையே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது. போன வாரம் கணக்கு ஆரம்பிக்க ஒரு வங்கிக்குக் கூட்டிப்போனேன். பத்து விரலையும் மாற்றி மாற்றிக் கருவியில் வைத்தார்கள். துணியால் துடைத்தும் பார்த்தார்கள். ஒன்றும் பதியவில்லை. “ஆதாரைப் புதுப்பிச்சுட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். கையில் வாக்காளர் அட்டை இருந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளைச் சரிபார்க்கிறோம் என்ற பேரில் ஏழைகளை விரட்டுகிறார்கள். இல்லை என்பவர் வந்து சொல்லலாம்.

பழைய காசாளர்:
நான் சொல்கிறேன் தம்பி. கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். அந்தக் காலத்தில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிற ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் கிளை வாசலில் டீ விற்றவர் பாதித் தெருவுக்குப் போட்டிருப்பார், பாதிப் பேரின் முகம் அவருக்கே தெரியாது. பினாமிப் பணம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டம், 2002 வந்த பிறகுதான் இது இறுகியது. நாளைக்கு யாராவது ஏமாந்தால், பணம் போன கணக்கு யாருடையது என்று போலீஸ் எங்களைத்தான் கேட்கும்.

முந்திரிக்கொட்டை:
கேட்டு என்ன சார் ஆகிறது? மோசடிப் பணம் போய்ச் சேர்கிற வாடகைக் கணக்குகளைப் பாருங்கள். கல்லூரிப் பையன் தன் சொந்த ஆதாரைக் கொடுத்து, முறைப்படி கணக்குத் திறந்து, சில ஆயிரத்துக்கு ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். அவன் விரல் பளிச்சென்று பதியும். திருடன் தாண்டுகிற வேலியில் எங்கள் அம்மா மாட்டிக்கொள்கிறார்.

முன்னெழுத்து:
விரலாவது பரவாயில்லை. எனக்கு ஆதாரில் முன்னெழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. கணினிக்கு நான் இரண்டு ஆள். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்தக் கூத்துதான்.

கறுப்புக்கோட்டு:
விதியைப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாமே. வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மானியம் அந்தக் கணக்கில் வர வேண்டுமென்றால்தான் ஆதார் வேண்டும். மற்றபடி பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை எல்லாம் ரிசர்வ் வங்கி ஏற்கிற ஆவணங்கள். (ரேஷன் கார்டு இதில் கிடையாது, நிறையப் பேர் அதை நீட்டி ஏமாறுகிறார்கள்.) எதுவுமே இல்லாதவருக்கும் சிறு கணக்கு உண்டு. அதிகாரி முன்னால் கைநாட்டும் ஒரு புகைப்படமும் போதும். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, மாதம் 10,000 வரைதான் எடுக்கலாம். 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அமில வீச்சில் கண் சிதைந்தவரிடம், உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் கண்ணைச் சிமிட்டச் சொன்ன கொடுமை பற்றிய வழக்கு அது. இணையவழிச் சரிபார்ப்பு எல்லோராலும் முடிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று உத்தரவு.

முந்திரிக்கொட்டை:
அப்படியென்றால் அந்தக் கிளையில் ஏன் மறுத்தார்கள்?

பழைய காசாளர்:
மானியத்துக்கான கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் முதுமை, காயம் போன்ற காரணத்தால் ரேகை பதியாவிட்டால் வேறு ஆவணத்தை வைத்துத் திறக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் விதிவிலக்குப் பதிவேட்டில் காரணத்தோடு, அனுமதித்த அதிகாரியின் பெயரும் ஏறும். தணிக்கைக்காரர் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான். ‘புதுப்பிச்சுட்டு வாங்க’ என்று அனுப்பினால் யார் பெயரும் எங்கும் ஏறாது. அது சரி என்று நான் சொல்லவில்லை. கவுண்டருக்கு உள்ளே இருக்கிற பயம் அது.

திங்கட்கிழமை வாக்காளர் அட்டையோடு நேரே மேலாளரிடம் போங்கள். ‘ரேகை பதியவில்லை, இந்த ஆவணத்தை ஏற்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முந்திரிக்கொட்டை:
எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன் சார். அம்மாவோடு உடைக்கிற மற்றவர்களுக்கு யார் எழுதுவது? போன வாரம் ஒரு நாள் கூலி போச்சு. திங்கட்கிழமை போனால் இன்னொன்று.