ரிலே போட்டால் ஹெட்லைட் வெளிச்சம் கூடுமா, கூடாதா?

மல்டிமீட்டர்:
செயின் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பழைய_பட்டறை அண்ணன் நேற்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "ரிலே என்பது வெறும் ஸ்விட்ச். ஸ்விட்ச் எப்படி வெளிச்சம் தரும்? ரிலே கிட் வாங்குகிறவன் காசைக் கரியாக்குகிறான்." அதற்குக் கீழே வரிசையாக எல்லோரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். ரிலே ஸ்விட்ச்தான், ஆனால் ஹேண்டில் ஸ்விட்சிலிருந்து வருகிற சின்னக் கரண்டை வைத்து, பேட்டரியின் பெரிய கரண்டை நேராகப் பல்புக்குத் திறந்துவிடுகிற ஸ்விட்ச். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

என்னுடையது 2012 மாடல் 350 சிசி பைக். கம்பெனி கொடுத்த அதே எச்4 (இரண்டு இழை ஹாலஜன்) பல்பு, 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட். ஹை பீம் எரியவிட்டு, பல்பு ஹோல்டருக்குப் பின்னால் மீட்டர் முனையைச் செருகி அளந்தால் 11.9. நடுவில் 1.9 வோல்ட் எங்கே போனது? சாவி ஸ்விட்ச், ஹேண்டில் ஸ்விட்ச், ஹை-லோ மாற்றுகிற டிப்பர் ஸ்விட்ச், ஒயர்களை இணைக்கிற நாலைந்து கப்ளர், மெல்லிசான ஒயர் என்று கரண்ட் போகிற வழியெல்லாம் சுங்கம் கட்டிவிட்டுப் போகிறது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ஹை பீமுக்கு ஒன்று லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டேன். இப்போது அதே ஹோல்டரில் 13.5.

ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் நிறைய இறங்கிவிடும். ஏறத்தாழ வோல்டேஜின் 3.4 அடுக்கில் மாறும் என்பது விளக்குத் துறையில் பழகிப்போன கணக்கு. 11.9க்கும் 13.5க்கும் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மடங்கு வருகிறது. பல்பு மாற்றவில்லை, வாட் கூட்டவில்லை. இது வெளிச்சம் கூடியதா இல்லையா?

பழைய_பட்டறை:
தம்பி, பட்டறை வைத்து எனக்கு 26 வருஷம். நீ மீட்டர் வாங்குவதற்கு முன்பே, கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டுகிற டெஸ்ட் லாம்ப் பிடித்தவன் நான். உன் கணக்கைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஹேண்டில் ஸ்விட்சை எப்போதாவது கழற்றிச் சுத்தம் செய்தாயா?

மழையில் நிற்கிற எந்த வண்டியானாலும் உள்ளே பித்தளைப் பட்டை பச்சை பிடித்துப்போயிருக்கும். கழற்றுமுன் கீழே ஒரு வேட்டித் துணி விரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டிப்பர் பட்டனுக்கு அடியில் மிளகு அளவில் இருக்கிற குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடிவிடும், அப்புறம் ஸ்விட்ச் முழுசாக வாங்க வேண்டியதுதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் துளி பெட்ரோல், பிறகு ஜீரோ நம்பர் உப்புத்தாளில் லேசாக ஒரு தேய்ப்பு. கப்ளர் பின்களையும் அப்படியே துடைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை, பத்து பைசா செலவில்லை. அதைச் செய்த பிறகு, ரிலே போடாமல், ஹோல்டரில் எவ்வளவு வருகிறது? அந்த எண்ணைச் சொல், பேசலாம்.

மல்டிமீட்டர்:
சுத்தம் செய்யாமல் இருப்பேனா அண்ணே? ரிலே போட்ட அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்விட்சையும் கழற்றித் துடைத்தேன். கப்ளர் எல்லாம் துடைத்தேன். 13.5 வந்தது.

பழைய_பட்டறை:
மாட்டிக்கொண்டாயா! இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்துவிட்டு, வந்த பலனை எல்லாம் ரிலே கணக்கில் எழுதுகிறாய். துடைத்த பிறகு, ரிலேக்கு முன் எவ்வளவு?

கருப்புக்குதிரை:
இதற்கு ஏன் இவ்வளவு மண்டையடி? 60/55 பல்பைக் கழற்றி வீசிவிட்டு 100/90 போடுங்கள். நான் மூன்று வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். ரிலேயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராத்திரியில் பகல் மாதிரி இருக்கிறது.

மல்டிமீட்டர்:
குதிரை, 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8.3. ஒயரிலும் ஸ்விட்சிலும் ஏறுகிற சூடு கரண்டின் இருமடியில் ஏறும். அதாவது கம்பெனி நினைத்துப் போட்டதைப் போல இரண்டே முக்கால் மடங்கு சூடு, அதே மெல்லிய ஒயரில். என் நண்பன் வண்டியில் இதேதான் செய்தான். ஒருநாள் ஹெட்லைட் வளையத்துக்குள்ளிருந்து மீன் கருகிய மாதிரி வாடை. கழற்றிப் பார்த்தால் ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருப்பாகி, பல்பின் மூன்று கால்களோடு சேர்ந்து உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது ஒயரின் மேலுறை வெல்லப்பாகு மாதிரி கையோடு வந்தது. தயவுசெய்து இதைப் படிக்கிற சின்னப் பையன்களுக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

கருப்புக்குதிரை:
உங்கள் நண்பர் மலிவு ஹோல்டர் போட்டிருப்பார். நான் பீங்கான் ஹோல்டர் போட்டிருக்கிறேன். எனக்கு உருகவில்லை. உருகாத வண்டியை வைத்துக்கொண்டு நான் ஏன் பயப்பட வேண்டும்?

மல்டிமீட்டர்:
பீங்கான் ஹோல்டர் உருகாது, சரி. டேங்க்குக்கு அடியில் போகிற ஒயருக்கும் பீங்கான் போட்டிருக்கிறீர்களா?

பழைய_பட்டறை:
பேச்சை மாற்றாதே தம்பி. துடைத்த பிறகு, ரிலேக்கு முன் எவ்வளவு?

கொல்லிமலைக்காரன்:
நீங்கள் எல்லோரும் வெளிச்சம் வெளிச்சம் என்கிறீர்கள். எதிரே வருகிறவன் நான். எங்கள் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒருவன் ஹை பீமை நேராக என் கண்ணில் குத்திவிட்டுப் போகிறான். இரண்டு விநாடிக்கு ரோடும் தெரியாது, தடுப்புச் சுவரும் தெரியாது. அதிலும் எல்இடி பல்பை வாங்கி ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் செருகிக்கொண்டு வருகிறவர்களை என்ன சொல்வது? எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். லோ பீம் இழைக்கு அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அதுதான் வெளிச்சம் மேலே போகாமல் வெட்டுகிறது. மலிவு எல்இடியில் அந்தக் கரண்டி இருக்காது, இருந்தாலும் சில்லு உட்காருகிற இடம் மாறியிருக்கும். வெளிச்சம் மரத்தில் அடிக்கிறது, ரோட்டில் விழவில்லை.

கருப்புக்குதிரை:
ஹை பீம் அடித்தால் நீங்களும் அடியுங்கள். அவ்வளவுதானே.

கொல்லிமலைக்காரன்:
அடித்து இருவரும் பள்ளத்தில் விழலாம் என்கிறீர்களா? உங்கள் ஹெட்லைட்டை எப்போதாவது சுவரில் அடித்து உயரம் சரிபார்த்திருக்கிறீர்களா? சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி, சென்டர் ஸ்டாண்ட் போடாமல், ஆளை உட்கார வைத்து லோ பீம் போட வேண்டும். வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் நடு உயரத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் கீழே நிற்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி முன்விளக்கு தூக்கிக்கொள்ளும். இதைச் செய்ய ரிலேயும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

பழைய_பட்டறை:
மலைக்காரர் சொல்வதுதான் வேலை தெரிந்தவன் பேச்சு.

மல்டிமீட்டர்:
உயரம் சரிபார்ப்பது வேறு, வோல்டேஜ் வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள். என் லோ பீம் சுவரில் சரியாகத்தான் நிற்கிறது. நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஹோல்டரில் 11.9 இருந்தது, இப்போது 13.5.

நாற்சந்தி:
எல்லோரும் சட்டத்தை மறந்துவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு படி, கம்பெனி பதிவு செய்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 100/90 போட்டவர் மூன்று வருஷமாகச் சட்டத்தை மீறி ஓட்டுகிறேன் என்று தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கருப்புக்குதிரை:
போன மாதம் சைலன்சர் பேச்சிலும் இவர் இதே பிரிவைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார். உங்களுக்கு என் மேல் என்ன கோபம் சார்?

நாற்சந்தி:
கோபம் உங்கள் மேல் இல்லை, உங்கள் சைலன்சர் மேல். எங்கள் தெருவில் கைக்குழந்தை தூங்குகிறது.

மல்டிமீட்டர்:
நான் பல்பை மாற்றவில்லை. அதே 60/55. ரிலே போட்டதை மாற்றம் என்று எந்த அதிகாரியும் பிடிக்கமாட்டார்.

நாற்சந்தி:
பிடிக்கமாட்டார் என்பது வேறு, பிரிவில் இடமிருக்கிறதா என்பது வேறு. வயரிங்கை வெட்டி ஒட்டினால் அதுவும் மாற்றம்தான்.

மல்டிமீட்டர்:
வெட்டவே இல்லை! பழைய ஹோல்டர் பிளக் ரிலேயின் 86ஆம் நம்பர் முனைக்குச் சிக்னல் கொடுக்கிறது, 85 எர்த். பேட்டரியிலிருந்து வருவது 30, பல்புக்குப் போவது 87. நாளைக்கே கழற்றினால் வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸும் போட்டிருக்கிறேன். கடையில் கிடைக்கிற கிட் சிலதில் ஃபியூஸே இருப்பதில்லை, அல்லது ரிலேக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒயர் நடுவில் உரசி எர்த் ஆனால் அந்த ஃபியூஸ் எதையும் காப்பாற்றாது. இதையெல்லாம் யோசித்துச் செய்தவனிடம் வந்து காசைக் கரியாக்குகிறான் என்றால் கோபம் வராதா?

பழைய_பட்டறை:
ஃபியூஸ் போட்டது நல்ல வேலை, அதற்குச் சபாஷ். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கத்துக்குட்டி:
அண்ணன்மார்களே, சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். என்னுடையது 2008 மாடல் 100 சிசி வண்டி. ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்குகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாகிறது. நானும் ரிலே போடலாமா?

கருப்புக்குதிரை:
தாராளமாகப் போடுங்கள். எச்4 100/90யும் சேர்த்துப் போடுங்கள்.

பழைய_பட்டறை:
போடாதே கண்ணு, போடாதே. வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் உன் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வரவில்லை, எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற காயிலிலிருந்து நேராக ஏசியில் வருகிறது. பல்பும் எச்எஸ்1, 35/35 வாட்தான். ஹை பீமில் எச்4 கொடுப்பதில் பாதி வெளிச்சம். ரிலே போட்டுச் சின்னப் பேட்டரியிலிருந்து இழுத்தால், அந்த வண்டியின் சார்ஜிங் ஈடுகொடுக்காது. ஒரே வாரத்தில் ஹார்ன் அழும், இண்டிகேட்டர் நின்றுவிடும். முதலில் ரிஃப்ளெக்டரைப் பார். உள்ளே வெள்ளி மங்கி, ரசம் போன கண்ணாடி மாதிரி இருந்தால் அதை மாற்று, பாதி வெளிச்சம் அங்கேதான் போகிறது. எர்த் ஒயரையும் சுரண்டிவிடு. இப்போது புரிகிறதா, ரிலே ரிலே என்று ஊர் முழுக்கச் சொன்னால் இந்த மாதிரிப் பிள்ளைகள் பேட்டரியைப் பறிகொடுக்கும்.

மல்டிமீட்டர்:
நான் எங்கே அண்ணே 100 சிசிக்குச் சொன்னேன்? என் முதல் பதிவில் 350 என்று எழுதியிருக்கிறேன். ஏசி ஹெட்லைட்டுக்கு ரிலே கூடாது என்று எனக்கும் தெரியும். சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிக்காதீர்கள்.

பழைய_பட்டறை:
போன வருஷம் செயினுக்கு மண்ணெண்ணெய் போட்டால் அதிலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் கெட்டுவிடும் என்று அடித்துச் சொன்னது யார்? பெட்ரோல்தான் ஓ-ரிங்குக்கு ஆகாது, மண்ணெண்ணெயில் துடைத்து 90 நம்பர் ஆயில் விட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். கடைசியில் யார் பேச்சு நின்றது?

மல்டிமீட்டர்:
அந்தப் பேச்சை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது என்றுதான் சொன்னேன். அதில் இன்னும் மாற்றமில்லை.

கொல்லிமலைக்காரன்:
செயின் பேச்சு வேண்டாம். மழைக்கால மூடுபனிக்கு மஞ்சள் பல்பா வெள்ளைப் பல்பா என்று யாராவது சொன்னால் எங்களுக்குப் புண்ணியமாக இருக்கும்.

கருப்புக்குதிரை:
வெள்ளை. 100/90.

கொல்லிமலைக்காரன்:
உங்களைக் கேட்கவில்லை. பனியில் வெளிச்சம் கூடக் கூட முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். அங்கே லோ பீம்தான் வழிகாட்டும். மலையில் ஒரு பனிக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மல்டிமீட்டர்:
என் விஷயத்துக்கு வருகிறேன். பழைய_பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. ஸ்விட்சைத் துடைத்தால் எத்தனை நாளைக்கு? அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி பச்சை பிடிக்கும். ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியாக ரிலே காயிலுக்கான கரண்ட் மட்டும்தான் போகும், அரை ஆம்பியர்கூட இல்லை. பட்டை லேசாகப் பச்சை பிடித்தாலும் ஹெட்லைட் மங்காது, ஸ்விட்சும் சூடேறிக் கருகாது. இதற்குப் பதில் உண்டா?

பழைய_பட்டறை:
உண்டு. வருஷம் ஒருமுறை துடை. வண்டி வைத்திருக்கிறவன் செய்ய வேண்டிய வேலை அது. ரிலேயும் தண்ணீர் பட்டால் போகும், நடு ராத்திரியில் ரிலே போனால் ஹெட்லைட் மொத்தமாகப் போகும். பச்சை பிடித்த ஸ்விட்ச் மங்கலாகவாவது வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மல்டிமீட்டர்:
இரண்டு ரிலே போட்டிருக்கிறேன். ஒன்று போனால் மற்ற பீம் எரியும்.

பழைய_பட்டறை:
எண்ணைச் சொல்.

மல்டிமீட்டர்:
சொல்லிவிட்டேன். 11.9, 13.5.

பழைய_பட்டறை:
அது முதலும் கடைசியும். நடுவில் இருக்கிற எண்ணைக் கேட்கிறேன். என் பட்டறைக்கு வந்த இதே 350 வண்டிகளில் துடைத்த பிறகு 13க்கு மேல் வந்திருக்கிறது. அப்படியானால் உன் ரிலே கொடுத்தது அரை வோல்ட்கூட இல்லை.

மல்டிமீட்டர்:
உங்கள் பட்டறையில் டெஸ்ட் லாம்ப்தான் என்றீர்களே, 13 என்று எதில் பார்த்தீர்கள்?

பழைய_பட்டறை:
மீட்டரும் இருக்கிறது தம்பி. பெருமை பேசுவதில்லை.

கத்துக்குட்டி:
அண்ணே, ரிஃப்ளெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே மங்கித்தான் இருக்கிறது. வாங்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மல்டிமீட்டர்:
அரை வோல்ட்டாகவே இருக்கட்டும். 13க்கும் 13.5க்கும் கணக்குப் போடுங்கள், நூற்றுக்குப் பதிமூன்று பங்குக்கு மேல் வெளிச்சம் கூடுகிறது. ஆக, ரிலே போட்டால் வெளிச்சம் கூடும். நான் சொன்னதும் அதுதான்.

பழைய_பட்டறை:
ஒன்றரை மடங்கு என்று ஆரம்பித்தவன் பதிமூன்றில் வந்து நிற்கிறாய். நான் கேட்ட எண் இன்னும் வரவில்லை.