நடவுக்குப் போகும் பெண்களும் பிரஷர் மாத்திரையும்: குழுவாகக் கவனித்ததில் தெரிந்தவை

சுகாதாரத் தன்னார்வலர், திருவாரூர் மாவட்டம்:
2021 ஆகஸ்டில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் பலர் வீட்டில் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. நாம் கேட்டால் “மறந்துட்டேன்”. கூட நாற்றுப் பறிப்பவள் கேட்டால்தான் உண்மை வரும். தண்ணி மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரிக்கும் பிரஷர் மாத்திரை) போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். வயலில் மறைவு ஏது? மாத்திரையையும் விடுகிறார்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். “கிட்னி போச்சு” என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் வேளையையோ மருந்தையோ மாற்றித் தருவார். அதனால் ஒரே நடவுக்குப் போகும் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்து, இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். ஒருத்தி மாத்திரையை இன்னொருத்தி கேட்க வேண்டும். மாமியார், நாத்தனாரை ஜோடியாகப் போடாதீர்கள், பேச்சே வராது.

கிராம சுகாதார செவிலியர்:
அக்கா சொன்னது சரி. பிரஷர் அளப்பதிலும் கவனம் வேண்டும். வேலை முடிந்து டீ குடித்த கையோடு பார்த்தால் ஏறித்தான் காட்டும். வெற்றிலை புகையிலை போட்டு அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டினால் அதுவே கயிறு கட்டியது மாதிரி. ஒரு கையைக் கழற்றிவிடுவது நல்லது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். பிரஷர் பார்க்கக் கையில் கட்டும் வழக்கமான பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். தையல் டேப்பால் அளந்து பாருங்கள். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் பிரஷர் குறைவாகக் காட்டி, நோய் இருப்பவரையும் தப்பவிடும். 140/90க்கு மேல் என்றால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். 180/110 என்றால் அன்றே டாக்டர்.

சுய உதவிக் குழு ஊக்குநர், தஞ்சாவூர் மாவட்டம்:
இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் ‘செட் மாத்திரை’யைக் கட்டாயம் விசாரியுங்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்து இருக்கும். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நடவு சீசனில் பிரஷர் அடங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புக்குக் கணக்கு எளிது. ஆளுக்கு நாளைக்கு 5 கிராம். நாலு பேர் வீட்டில் கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் அதிகம். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தின் உப்பு தனி. வாங்கிய தேதியைப் பாக்கெட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய சோற்றை விட வேண்டாம். உப்பைக் குறைத்து, ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடிக்கலாம்.

கிராம சுகாதார செவிலியர்:
ஒன்று விட்டுப்போச்சு. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலி பெரிதாக இல்லாமலும் போகலாம். மூச்சு வாங்கும், தாடையோ முதுகோ வலிக்கும், குமட்டும், குப்பென்று வியர்க்கும். “வாயு” என்று ஓமத் தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். வேலையை நிறுத்தி உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஒருவர் 108க்குப் பேசட்டும். இன்னொருவர் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும், களத்துமேட்டுக்கு ஆம்புலன்ஸுக்கு வழி தெரியாது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் கொடுக்கிறார்கள்.