மைவிக்கு 90 வெள்ளி ஸ்ட்ரட் பார் போதுமா, பெயர் போனதுதான் வேண்டுமா?

பாலிக் புலாவ் மைவி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2012 பெரோடுவா மைவி 1.5 கார், மேனுவல் கியர். வீடு பாலிக் புலாவில், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். போக வர ஜாலான் துன் சார்டோன் மலைப்பாதைதான். இரவு ஷிப்ட் முடிந்து ரெலாவ் பக்கமிருந்து ஏறி வரும்போது எதிரே வேலைக்குப் போகிற கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். மழை பெய்த காலையில் வளைவுகளில் என் காரின் மூக்கு வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தால்தான் திரும்புகிறது. பக்கத்தில் மனைவி இருந்தால் கதவுப் பிடியை விடுவதே இல்லை.

கூட வேலை செய்கிறவர்கள் முன்பக்கம் ஸ்ட்ரட் பார், அதாவது பானெட்டுக்குள் இரண்டு பக்க அப்சோபர் (அதிர்வுதாங்கி) தலைகளையும் குறுக்கே இணைக்கும் கம்பி, போடச் சொல்கிறார்கள். இணையத்தில் பெயரில்லாத பார் 90 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நம் நாட்டு அல்ட்ரா ரேசிங் என்றால் அதைவிட நன்றாகவே கூடுதல். கஸ்கோ மாதிரி ஜப்பான் பெயர்களுக்குப் போனால் ஒரு மாதக் கார் தவணை போய்விடும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் தட்டு. விலை வித்தியாசம் பெயருக்கு மட்டும்தானா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை வெல்டர்:

தம்பி, பிறையில் ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்து வைக்கும் சட்டம்) கட்டி வெல்டிங் செய்கிற வேலையில் எனக்கு 22 வருடம். உங்கள் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டு, மலிவான பாரை வாங்கி, கழற்றி, அறுத்தும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் இரும்பு. விலை கூடிய பாரில் இருக்கும் இரும்பு கூடுதல் விறைப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சாதா இரும்பானாலும் உயர்ரக இரும்பானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், 200 கிகாபாஸ்கல் பக்கம். உயர்ரகம் என்றால் ஒடிவதற்கும் நிரந்தரமாக வளைவதற்கும் கூடுதல் பாரம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ரட் பார் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை. அலுமினியத்தின் விறைப்பு 70தான், அதாவது இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. அதன் எடையும் அதே கணக்கு. ஆகவே பளபளவென்று இருக்கும் அலுமினியப் பார் இரும்புக்கு ஈடாக வேண்டுமென்றால் நன்றாகத் தடித்திருக்க வேண்டும். தடிப்பாகச் செய்தால் நல்லதுதான். மெல்லியதாக இருந்தால் அது அலங்காரம்.

அப்புறம் குழாயின் அளவு. 25 மி.மீ. குழாயில் சுவர்த் தடிப்பு 1.5 மி.மீட்டரிலிருந்து 2 ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு சுமார் 25 விழுக்காடு கூடும். சுவரை அப்படியே வைத்துவிட்டுக் குழாயை 32 மி.மீட்டராகப் பெரிதாக்கினால் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். எஞ்சினுக்கு மேலே வில் மாதிரி வளைந்து போகிற பாருக்கு இது முக்கியம். நேராகப் போகிற கம்பியை அழுத்தினால் அது நேராகத் தாங்கும். வளைந்த கம்பியை அழுத்தினால் அந்த வளைவு இன்னும் வளையப் பார்க்கும்.

ஆனால் நான் பார்த்த வரையில் மலிவுப் பார்கள் தோற்பது குழாயில் இல்லை, முனையில்.

என்னிடம் ஒரு பழைய புரோட்டான் வீரா 1.6 கார் இருந்தது. முன்பக்கம் உங்கள் மைவி மாதிரியே மெக்ஃபர்சன் அமைப்பு, ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒன்றாக நிற்கும் வகை. பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் அப்சோபரின் தலை உட்காரும் கோபுரம் தெரியும். வளைவில் டயர் வாங்குகிற பாரம் அந்தக் கோபுரத்தை அசைக்கப் பார்க்கும். ஒன்று அசையும்போது இன்னொன்று துணைக்குப் பிடிக்கட்டும் என்றுதான் குறுக்கே பார் போடுகிறோம். நான் வாங்கியது 80 வெள்ளிப் பார். தட்டும் குழாயும் தனித்தனி, நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் கதவுக் கீல் மாதிரி சேர்ந்திருக்கும். அப்படிச் செய்தால் ஒரே பாரைப் பல கார்களுக்கு விற்கலாம் அல்லவா?

மாட்டிய அன்று, என் மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அந்தக் கீலின் மேலே, தட்டிலிருந்து குழாய் வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன். இரண்டு வாரம் மாக் மண்டின் பக்கத்துக் குண்டுகுழிச் சாலைகளில் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தால், கோடு நடுவில் விரிந்து, ஒரு பக்கம் அரை மி.மீட்டர் கீழே இறங்கி நிற்கிறது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கீல் அசைந்திருக்கிறது. கோபுரம் நகர்வதே மயிரளவுதான். அந்த மயிரளவைக் கீலே விழுங்கிவிட்டால் பார் அங்கே எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

துளையும் அப்படித்தான். கோபுரத்தில் நட்டு ஏறுகிற மரைக்கம்பியை ஸ்டட் என்போம். 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 மி.மீ. துளை போட்டிருந்தார்கள். நட்டின் இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. கோணத்தைக் குறித்துக்கொண்டு பாரைக் கழற்றி, மேசையில் வைத்துக் கீலைச் சுற்றி முழுக்க வெல்டிங் அடித்தேன். பெரிய துளையை அடைத்து, சரியான அளவில் புதிதாகப் போட்டேன். மறுபடி கோடு இழுத்தேன். அந்தக் கோடு காரை விற்கும்வரை விரியவில்லை. ஸ்டியரிங்கும் நடுப்பகுதியில் கொஞ்சம் கூர்மையானது, இதை நான் உணர்ந்தேன். ஆக அதே 80 வெள்ளி இரும்புதான், முனையைச் சரி செய்ததும் வேலை செய்தது.

பெயர் போன பாரில் நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான். உங்கள் மாடலுக்கென்று ஜிக் கட்டி, துளையைச் சரியான இடத்தில் போட்டு, தட்டையும் குழாயையும் நேரடியாக வெல்டிங் செய்து தருகிறார்கள். கையில் வாங்கிப் பாருங்கள். கீல் இல்லாமல், தட்டு 4 மி.மீட்டர் பக்கம் தடித்து, வெல்டிங் வரி பள்ளமில்லாமல் முழுச் சுற்றும் ஓடியிருந்தால் 90 வெள்ளிப் பாரையும் தயங்காமல் போடலாம். சாலையில் வித்தியாசம் தெரியாது. கீல் வைத்த பார் என்றால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். மாட்டும்போது கோபுரத்தைச் சுற்றியுள்ள சின்ன நட்டுகளை மட்டும் கழற்றுங்கள், நான்கு டயரும் சமதரையில் இருக்கட்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டில் ஸ்பானரே வைக்கக் கூடாது. கீழே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான், விட்டால் கையோடு போய்விடும். தட்டின் தடிப்பால் நட்டுக்கு மேலே ஸ்டட் நீட்டிக்கொண்டு தெரியாமல் போனால் அந்தப் பார் உங்கள் காருக்கு ஆகாது.

செந்தூல் பெர்சோனா:

தம்பி, வெல்டர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் நோய்க்கு இது மருந்தா என்று எனக்குச் சந்தேகம்.

நான் செந்தூலில் இருக்கிறேன். வாரா வாரம் அம்மாவைப் பார்க்க காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் போகிறேன். கெந்திங் செம்பா இறக்கத்தில் என் 2009 புரோட்டான் பெர்சோனா காரும் இப்படித்தான் மூக்கைத் தள்ளியது. ஒரு கடையில் பேச்சைக் கேட்டு விலை கூடிய அலுமினியப் பார், முன்னும் பின்னும் சேர்த்துப் போட்டேன். எஞ்சின் நடுக்கம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஸ்டியரிங்கில் தெரிந்தது. பூட்டில் குறுக்கே கம்பி வந்ததில் அம்மாவின் சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை, அதைப் பின் சீட்டில் திணித்துக்கொண்டு போனோம். மூக்குத் தள்ளியது தள்ளியபடிதான்.

கடைசியில் கோம்பாக்கில் ஒரு வயதான ஃபோமேன் (கார் மெக்கானிக்) காரைத் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கை, அதாவது லோவர் ஆர்ம், அதில் இருக்கும் ரப்பர் புஷ் இரண்டும் வெடித்திருந்தன. டயரில் பூ (மேலே இருக்கும் வரிப்பள்ளம்) இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. புஷ், டயர், அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) மூன்றையும் செய்த அன்று இரவே மழையில் ஓட்டிப் பார்த்தேன். வேறு கார் மாதிரி இருந்தது.

முன்பக்கம் பார் போட்டால் ஸ்டியரிங் துல்லியமாகலாம், ஆனால் டயர் பிடிக்காத இடத்தில் பார் என்ன செய்யும்? உங்கள் மைவிக்குப் பின்பக்கம் டோர்ஷன் பீம், இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்கு உத்தரம். பாருக்குக் காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், அந்தப் பீமோடு சேர்க்கிற ஆன்டி ரோல் பார் (கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி)தான் மூக்குத் தள்ளுவதைக் குறைக்கும். அதையும் நல்ல டயர் போட்ட பிறகு செய்யுங்கள். ஈரத்தில் பின்பக்கம் சட்டென்று வழுக்கினால் அது மூக்குத் தள்ளுவதைவிட ஆபத்து, அதுவும் அந்தத் துன் சார்டோன் சாலையில்.

முதலில் டயர் எந்த வருடம் என்று பாருங்கள்.

பிறை வெல்டர்:

அக்கா சொன்னது சரி. என் வீராவுக்கு அப்போது டயர் புதிது, அதை நான் சொல்ல விட்டுவிட்டேன். தம்பி, காருக்கு அடியில் மாட்டுகிற பார்களும் விற்பார்கள். உங்கள் தாமானில் (குடியிருப்பில்) வேகத்தடை எத்தனை என்று எண்ணிவிட்டு முடிவு பண்ணுங்கள். ஆள் நிறைய ஏறினால் தட்டும், தட்டின இடத்தில் பெயிண்ட் போய்த் துரு பிடிக்கும்.

பாலிக் புலாவ் மைவி:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ஷிப்ட் முடிந்து பார்க்கிங்கிலேயே குனிந்து பார்த்தேன். முன் டயர் இரண்டிலும் கடைசி நான்கு எண் 3117. அதாவது 2017இன் 31வது வாரம். நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. இடது பக்கப் புஷ்ஷிலும் விரிசல் தெரிகிறது, கைபேசி விளக்கு அடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மனைவியிடம் காட்டினேன், ஸ்ட்ரட் பாருக்கு எடுத்து வைத்த காசோடு அவரும் கொஞ்சம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். இந்த மாதம் நான்கு டயர், புஷ், அலைன்மென்ட்.

ஆனால் அண்ணே, என் நண்பரிடம் மாட்டாமல் கிடக்கும் மைவிப் பார் ஒன்று இருக்கிறது. 50 வெள்ளிக்குத் தருகிறார். கீல் இல்லை, வெல்டிங்தான். வரும் ஞாயிறு பாலம் தாண்டிக் கொண்டுவந்தால் ஒரு முறை பார்த்துச் சொல்வீர்களா?

பிறை வெல்டர்:

கொண்டுவாங்க தம்பி. பத்து மணிக்கு மேல் வாருங்கள், காலையில் கோயிலுக்குப் போவேன். தடிப்பை அளக்கும் வெர்னியரும் நகப்பூச்சும் எடுத்து வைக்கிறேன்.