பாங்காக்கில் "அரசு கடை" என்று சொல்லி விற்ற நீலக்கல்: வியாழன் விமானம், பணம் திரும்ப வருமா?

திருச்சிப் பயணி (கேள்வி):

அவசர உதவி வேண்டும். பாங்காக்கில் இருக்கிறோம். நேற்று திங்கள் காலை கிராண்ட் பேலஸ் பக்கத்தில் ஒருவர், "இன்று விசேஷ பூஜை, மதியம்தான் திறப்பார்கள்" என்று சொல்லி, 40 பாட்டுக்கு ஊர் சுற்றிக்காட்ட டுக்டுக் பிடித்துக் கொடுத்தார். ஒரு சின்னக் கோயில், அடுத்து ஒரு ரத்தினக் கடை. அரசு ஏற்றுமதி நிலையம், வரியில்லாச் சலுகை இன்றோடு முடிகிறது என்றார்கள். 3.2 காரட் நீலக்கல், 42,000 பாட். கிரெடிட் கார்டில் பின் போட்டுக் கட்டினேன். டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டி, "ஊர் போகும்வரை பிரிக்காதீர்கள், பிரித்தால் கியாரண்டி கிடையாது" என்று கொடுத்தார்கள். பேலஸ் நேற்று முழுக்கத் திறந்துதான் இருந்தது என்று ராத்திரிதான் தெரிந்தது. வியாழன் இரவு விமானம். 1930-க்குப் போன் செய்யவா?

வழித்துணை:

1930 வேண்டாம் சார். அது இந்தியாவில் நடக்கும் ஆன்லைன் பண மோசடிக்கான எண். நீங்கள் இப்போதே 1155-ஐக் கூப்பிடுங்கள். அது தாய்லாந்து சுற்றுலாப் போலீஸ், 24 மணி நேரமும் இருப்பார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். ஊர் திரும்பிய பிறகு புகார் கொடுத்தால் கடைக்காரர் கண்டுகொள்ளவே மாட்டார். அந்த ஸ்டிக்கர் ஒட்டியதே அதற்குத்தான். நீங்கள் விமானம் ஏறும்வரை கல்லை யாரிடமும் காட்டிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

நாளை காலையே பாஸ்போர்ட், பில், கார்டு ஸ்லிப், கடையின் விசிட்டிங் கார்டு, டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு போய்ப் புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். "கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், கூட வாருங்கள்" என்று கேளுங்கள். போலீஸ் உடன் வந்தால் பல கடைகள் இறங்கி வரும். தனியாகப் போனால் பேச்சிலேயே பாதி நாள் ஓடிவிடும். கையெழுத்துக் கேட்டு தாய் மொழியில் எதை நீட்டினாலும், போனில் மொழிபெயர்த்துப் படிக்காமல் போடாதீர்கள்.

இந்தியத் தூதரகம் சுகும்வித் சோய் 23-ல் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்தால் அங்கே போகலாம், கடையிலிருந்து பணம் வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் எண் 1166, அங்கேயும் ஒரு புகார் போட்டு வையுங்கள்.

பட்டைக்கல்:

தாய்லாந்து அரசு ரத்தினக் கடை நடத்துவதில்லை. ஆனால் பாங்காக்கும் சந்தபுரியும் உண்மையிலேயே உலகக் கல் வியாபாரத்தின் பெரிய சந்தைகள். பொய்யில் இவ்வளவு உண்மை கலந்திருப்பதால்தான் விவரம் தெரிந்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

தம்பி, ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் கல் போலியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இந்த வகைக் கடைகளில் பெரும்பாலும் அசல் நீலத்தையே, மட்டமான தரத்தில், பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். "விலை அதிகம்" என்பது போலீஸிடமும் வங்கியிடமும் நிற்காது. "பில்லில் எழுதியது ஒன்று, கொடுத்தது வேறு" என்பதுதான் நிற்கும். பில்லில் சரியாக என்ன வார்த்தை இருக்கிறது? நேச்சுரலா, ஹீட் செய்யாததா (நிறம் கூட்டச் சூடாக்காததா), எந்த ஊர்க் கல் என்று போட்டிருக்கிறதா? சூடு காட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம், சந்தையில் இருக்கும் நீலத்தில் பெரும்பகுதி அப்படித்தான். அது மட்டும் குற்றமில்லை. பில்லில் "ஹீட் இல்லை" என்று எழுதிவிட்டுச் சூடு காட்டிய கல்லைக் கொடுத்திருந்தால் அது குற்றம்.

டப்பாவைப் போலீஸ் முன்னால், வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். இல்லாவிட்டால் "நீங்கள் கல்லை மாற்றிவிட்டீர்கள்" என்பார்கள். 10 மடங்கு லூப் (நகைக்காரர் பூதக்கண்ணாடி) கிடைத்தால், வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீர் விட்டுக் கல்லைப் போட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இயற்கைக் கல்லில் நிறப் பட்டைகள் நேர்கோடாக, மூலை மடங்கி ஓடும். பழைய இசைத்தட்டின் வரிகள் மாதிரி வளைந்து போனால் அது உருக்கி வளர்த்த சிந்தெடிக், அதாவது செயற்கைக் கல். உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடியோ சிந்தெடிக்கோ. எதுவும் தெரியவில்லை என்றால் அசல் என்று அர்த்தமில்லை. சூடு காட்டியதை லூப்பில் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலோம் சாலையில் தாய்லாந்து ரத்தின, நகை நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, அதன் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. வியாழனுக்குள் அறிக்கை வருமா என்று முதலில் போன் செய்து கேளுங்கள்.

கார்டு மேசை:

பேங்க் பக்கத்தைச் சொல்கிறேன். "இந்தப் பரிவர்த்தனை நான் செய்யவில்லை" என்று எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். பின் போட்டது பதிவாகியிருக்கும், அந்த ஒரு வாக்கியத்தாலேயே கேஸ் போய்விடும். "சொன்ன பொருள் வேறு, தந்த பொருள் வேறு" என்று உங்கள் வங்கியில் டிஸ்ப்யூட் (அந்தக் கட்டணத்தை எதிர்த்துப் புகார்) போடுங்கள். விசா கார்டு என்றால் இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. ஆனால் முதலில் கடையிடம் திருப்பிக் கொடுக்க முயன்றதற்கும், அவர்கள் மறுத்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள். அதனால் கடைக்கு ஒரு இமெயிலும் அனுப்புங்கள்: பில் எண், தேதி, தொகை, "பொருளைத் திருப்பித் தருகிறேன், பணத்தைக் கார்டில் திருப்புங்கள்". நான்கு வரி போதும்.

இதையெல்லாம் பாங்காக்கிலேயே முடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம்: ஊரிலிருந்து ரத்தினத்தைக் கொரியரில் திருப்பி அனுப்புவது சுங்க ஆவணங்கள் இல்லாமல் நடக்காது.

திருச்சிப் பயணி:

நன்றி அண்ணா. 1155-ல் பேசிவிட்டேன், நாளை காலை வரச் சொன்னார்கள். பில்லில் "நேச்சுரல் சஃபையர், நோ ஹீட்" என்று தெளிவாக இருக்கிறது. இதற்கிடையில் கடையிலிருந்தே போன். கல்லைக் கொடுத்தால் 25,000 பாட் ரொக்கமாகத் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

கார்டு மேசை:

அந்தத் தாள் "முழுத் தொகையும் பேசி முடித்தாகிவிட்டது" என்பதற்கான தாளாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டால் மீதி 17,000-க்கு வங்கி உங்கள் பக்கம் நிற்காது. கல்லும் கையில் இருக்காது. போலீஸ் முன்னால் முழுத் தொகையையும் அதே கார்டில் ரீஃபண்ட் கேளுங்கள். மெஷினில் வரும் ஸ்லிப்பில் "ரீஃபண்ட்" என்ற வார்த்தை, 42,000, உங்கள் கார்டின் கடைசி 4 எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கல்லைக் கையை விட்டு விடுங்கள். "30 நாளில் அனுப்புகிறோம்" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

பட்டைக்கல்:

"நோ ஹீட்" என்று எழுதியிருப்பது உங்களுக்குப் பெரிய பிடி. ஒரிஜினல் பில்லை அவர்கள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், போட்டோவை மட்டும் காட்டுங்கள். கல்லைக் கொடுக்கும் முன் தராசில் வைத்து எடையைப் படம் எடுங்கள். 3.2 காரட் என்றால் 0.64 கிராம். கடை ரீஃபண்டுக்கு மறுத்தால் அங்கிருந்து நேராகச் சிலோம் ஆய்வகத்துக்குப் போங்கள்.