குழுவில் யார் எந்தப் பங்கு வகிக்கிறார் என்பதைப் படிவத்தைக் கொண்டு முடிவு செய்யலாமா?

கேட்பவர்: கோவை வடிவமைப்பாளர்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு பேர் கொண்ட வடிவமைப்புப் பிரிவுக்கு ஐந்து மாதங்களாகப் பொறுப்பு வகிக்கிறேன். ஐவர் பொறியியல் பட்டதாரிகள், ஒருவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டிராயிங் போட்டுவரும் மூத்தவர். புதிய நீர்மூழ்கி மோட்டார் பம்பு ஒன்றுக்கு மூன்று வடிவமைப்புகள் கைவசம் இருந்தும், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதம் ஏழு வாரங்களாக முடியவில்லை. பட்டதாரிகள் ஒவ்வொருவரும் மற்றவருடைய வடிவமைப்பில் குறை கண்டுபிடிப்பதில் வல்லவர்கள். கண்டுபிடிக்கும் குறைகளும் பெரும்பாலும் உண்மையானவையே என்பதுதான் சிக்கல்.

அண்மையில் மனிதவளத் துறையினர், குழுவில் ஒருவர் எந்தப் பங்கை இயல்பாக ஏற்பார் என்று கணிக்கும், பெல்பின் முறையில் அமைந்த வினாப்படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். ஐவரில் நால்வருக்குச் ‘சிந்தனை சார்ந்த பங்கு’ என்று முடிவு வந்தது. மூத்தவருக்கு எதுவுமே தெளிவாக அமையவில்லை. கூட்டங்களில் அவர் வாய் திறப்பதும் இல்லை என்பதால், அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று என் மேலாளர் கருதுகிறார். இத்தகைய முடிவுக்கு அந்தப் படிவத்தை நம்பலாமா?

பதில்: முன்னாள் மனிதவள அலுவலர்

உங்கள் குழுவுக்கு நேர்ந்திருப்பதை, அந்த முறையை உருவாக்கிய பிரிட்டிஷ் ஆய்வாளர் மெரிடித் பெல்பின் அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் ஹென்லி என்னும் ஊருக்கு அருகிலுள்ள மேலாண்மைக் கல்லூரியில், பயிற்சிக்கு வந்த அதிகாரிகளைச் சிறு அணிகளாகப் பிரித்து ஒரு வணிக விளையாட்டில் போட்டியிடச் செய்து, அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அறிவுத்திறன் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் ஒன்றுசேர்த்து அமைத்த அணிகளுக்கு ‘அப்பல்லோ’ என்று பெயரிட்டார்கள். வெற்றி அவற்றுக்கே என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அத்தகைய 25 அணிகளில் 3 மட்டுமே முதலிடம் பெற்றன. தம் கருத்துக்குப் பிறரை இணங்கச் செய்வதிலும் பிறர் வாதத்தின் ஓட்டைகளைச் சுட்டுவதிலும் அவர்களுடைய நேரம் கழிந்தது. செய்தே ஆக வேண்டிய சில வேலைகளை எவரும் கையில் எடுக்கவில்லை.

1981-இல் அவர் இந்த முடிவுகளை நூலாக வெளியிட்டபோது எட்டுப் பங்குகளைக் குறிப்பிட்டார். துறை வல்லுநர் என்ற ஒன்பதாவது பங்கு பிறகு சேர்க்கப்பட்டது. எல்லாவற்றையும் இங்கே விவரிக்கத் தேவையில்லை. உங்களிடம் இல்லாமல் போனவை இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. யோசனையைக் கால அட்டவணையாகவும் வேலை வரிசையாகவும் மாற்றும் செயல்படுத்துபவர் ஒருவர். ‘இதைப் பேசியது போதும், அடுத்ததற்கு வருவோம்’ என்று சொல்லக்கூடிய ஒருங்கிணைப்பாளர் மற்றொருவர். (வருத்தப்படாதீர்கள், இரண்டாவது உங்கள் வேலை.)

ஒரு குழுவில் ஒன்பது பேர் இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒருவரே இரண்டு மூன்று பங்குகளை இயல்பாக ஏற்க முடியும் என்பதே பெல்பினின் கருத்து. அத்துடன், ஒவ்வொரு வலிமையோடும் ஒரு பலவீனம் ஒட்டிக்கொண்டே வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். குழுவில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பார்ப்பதற்குப் படிவம் உதவும். யாரை வெளியே அனுப்பலாம் என்று பார்ப்பதற்கு அது உருவாக்கப்படவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற திட்ட மேலாளர்

முதல் பதிலில் பெரும்பகுதியை ஏற்கிறேன். படிவத்தைப் பற்றிய நம்பிக்கையை மட்டும் ஏற்க இயலவில்லை. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதித்தரும் விடைகளைக் கொண்டு பங்கைக் கணிக்கும் அந்த வினாப்படிவம் அளவீட்டுக் கருவியாகத் தேறவில்லை என்று 1993-இல் உளவியலாளர் ஏட்ரியன் ஃபர்ன்ஹாமும் உடன் ஆய்வாளர்களும் விமர்சித்தார்கள். பெல்பின் அதற்கு மறுப்பும் எழுதினார். அந்தச் சர்ச்சை எப்படியிருந்தாலும், ஒருவர் தம்மைப் பற்றி நினைப்பதும் அவர் நாள்தோறும் செய்வதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை என் அனுபவத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

பெல்பினுக்கும் முன்பே, 1948-இல், கென்னத் பென், பால் ஷீட்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் பங்கு என்பதை ஆளின் குணமாகப் பார்க்காமல், கூட்டத்தில் நடக்கும் செயலாகப் பார்த்தார்கள். அவர்கள் குறிப்பிட்ட பங்குகளில் ‘வாயில் காப்பவர்’ என்று ஒன்று உண்டு: பேசிக்கொண்டே இருப்பவரைச் சற்று நிறுத்தி, பேசாதவருக்கு வழிவிடுபவர். இன்று ஒருவர் செய்த அந்த வேலையை நாளை வேறொருவர் செய்யலாம். உங்கள் மூத்தவர் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் யாராவது எப்போதாவது கேட்டார்களா என்று எழுதவில்லை.

நாதசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒரே சுருதியைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருப்பார். எதற்கும் தலையாட்டுபவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று பழிப்பது நம் வழக்கம். அவர் நிறுத்தினால் வாசிப்பவருடைய சுருதி என்னவாகும் என்பதைப் பழிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவரை மாற்றுவதற்கு முன், அவர் ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது எந்த வேலைகள் நின்றன என்று பாருங்கள். எந்தப் படிவத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

கேட்பவர்: கோவை வடிவமைப்பாளர்

இருவருக்கும் நன்றி. அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்ற மார்ச்சில் அவர் நான்கு நாள் விடுப்பில் இருந்தபோது ஃபவுண்டரிக்கு (வார்ப்பாலைக்கு) போக வேண்டிய திருத்திய டிராயிங் போகாமல், பழைய அளவிலேயே வார்ப்புகள் வந்து சேர்ந்ததும் இப்போது நினைவுக்கு வருகிறது.

நேற்றைய கூட்டத்தில் முதல் கேள்வியை அவரிடமே கேட்டேன். மூன்று வடிவமைப்புகளில் இரண்டுக்குப் புதிய பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) செய்ய வேண்டியிருக்கும் என்றும், மூன்றாவதற்கு ஃபவுண்டரியில் இருக்கும் பேட்டர்னையே சிறிது திருத்திப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று ஓர் இளைஞர் கேட்டதற்கு, “நீங்க யாரும் ஃபவுண்டரியைப் பத்திப் பேசவே இல்லையே, தம்பி” என்றார். அரை மணி நேரத்தில் மூன்றாவது வடிவமைப்பை முடிவு செய்தோம். அவருடைய இடமாற்றக் கடிதம் இன்னும் மேலாளரின் மேசையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை நேரில் பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

பதில்: முன்னாள் மனிதவள அலுவலர்

பேசப் போகும்போது படிவத்தை எடுத்துச் செல்லாதீர்கள். மார்ச் மாதத்தில் வந்த அந்த வார்ப்புகளுக்கு ஆன செலவுக் கணக்கை எடுத்துச் செல்லுங்கள்.