டைசனிடம் டக்ளஸ் ஜெயிப்பார் என்று முன்பே சொல்லியிருக்க முடியுமா?

கயிற்றோரம்:

1990 பிப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசன் - பஸ்டர் டக்ளஸ் ஹெவிவெயிட் குத்துச்சண்டையை நேற்றுதான் முதல் மணியிலிருந்து முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருடமும் கடைசி ஒரு நிமிடத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அதனால் ஏதோ ஒரு குத்து சரியாக மாட்டிவிட்டது, டைசன் விழுந்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழுசாகப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முதல் ரவுண்டிலிருந்தே டக்ளஸ்தான் சண்டையை நடத்துகிறார். எட்டாவது ரவுண்டின் கடைசியில் விழுகிறாரே, அது ஒன்றுதான் டைசனுக்குக் கிடைத்த நல்ல நேரம்.

ஆனால் அன்றைக்கு இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. டைசன் அதுவரை 37 சண்டை, 37 வெற்றி, அதில் 33 நாக் அவுட். லாஸ் வேகஸில் பெரும்பாலான இடங்களில் இந்தச் சண்டைக்குப் பந்தயமே எடுக்கவில்லை. மிராஜ் சூதாட்ட விடுதியில் மட்டும் எடுத்தார்கள், டக்ளஸுக்கு 42-க்கு 1, அதாவது அவர் ஜெயித்தால் கட்டிய ஒன்றுக்கு 42.

என் கேள்வி இதுதான். சண்டைக்கு முந்தின நாள், டைசன் என்ற பெயருக்கு இருந்த பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்திருந்தால், டக்ளஸுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று சொல்ல ஏதாவது கையில் இருந்ததா? இல்லை, முடிந்த பிறகு நாமாகக் காரணம் சேர்க்கிறோமா?

நீளக்கை:

இருந்தது நண்பா. நீங்கள் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. 37-இல் 33 போனால் மிச்சம் 4. அந்த நான்கு பேரும் கடைசி மணி அடிக்கும் வரை நின்றார்கள். 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன். 1987-இல் போன்கிரஷர் ஸ்மித், டோனி டக்கர். நாலு பேரும் டைசனைவிட உயரம், அதிலும் கிரீனும் டக்கரும் 6 அடி 5 அங்குலம். டைசன் 5 அடி 10. ஸ்மித் சண்டை முழுக்கக் கட்டிப்பிடித்தே ஓட்டினார், பார்க்கவே சகிக்காது, ஆனாலும் 12 ரவுண்ட் நின்றார் என்பது நின்றதுதான். டக்கர் முதல் ரவுண்டிலேயே ஓர் அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே வரும் குத்து) டைசனைப் பின்னால் தள்ளினார்.

டக்ளஸ் 6 அடி 3 அங்குலத்துக்கும் மேல். கை வீச்சு 83 அங்குலம், டைசனுக்கு 71. ஓர் அடி வித்தியாசம். அந்த ஓர் அடியைக் கடந்து உள்ளே வந்தால்தான் டைசனின் ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வேலை. முன்பெல்லாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே ஜாபுக்கு (முன் கையை நேராக நீட்டிப் போடும் குத்து) அடியில் நுழைந்துவிடுவார். 1988-இல் பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கிய பிறகு அந்தத் தலை அசைவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்று நேராக நடந்து வர ஆரம்பித்தார். டோக்கியோவில் பயிற்சியின்போது எதிரே நின்று ஆடிய கிரெக் பேஜ் அவரைக் கீழே விழவைத்த செய்தியும் சண்டைக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. படித்தவர்கள் படித்தார்கள், யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் சுற்று:

நீளக்கை சொல்வது எல்லாம் உண்மைதான், ஆனால் இதில் டக்ளஸைப் பற்றி எதுவும் இல்லையே. உயரமும் ஜாபும் வேறு பலரிடமும் இருந்தன. மைக்கேல் ஸ்பிங்க்ஸ் அதுவரை ஒரு சண்டைகூடத் தோற்காதவர், 6 அடி 2 அங்குலம், 1988-இல் டைசனிடம் 91 விநாடியில் தோற்றுப்போனார். வளையத்துக்குள் நடந்து வரும்போதே அவர் முகத்தில் தெரிந்தது.

சரி, டக்ளஸ் அதுவரை எப்படி இருந்தார்? 1987-இல் அதே டக்கரோடு பட்டத்துக்கு மோதினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பத்தாவது ரவுண்டில் சோர்ந்து நின்றுவிட்டார், நடுவர் நிறுத்தினார். திறமை உண்டு, கடைசி வரை மனசு நிற்காது என்பதுதான் அவரைப் பற்றிய பேச்சு. அந்த ஆளை நம்பி யார் பந்தயம் கட்டியிருப்பார்கள்? நானாக இருந்தால் கட்டியிருக்கமாட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். டோக்கியோவுக்கு எட்டு மாதம் கழித்து அடுத்த பட்டச் சண்டையில் ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்ததும் இதே டக்ளஸ்தான். டோக்கியோவில் 105 கிலோ இருந்தவர் அன்றைக்கு 111 கிலோவுக்கு மேல்.

பழைய கையுறை:

நான் பெரிய அளவில் ஆடியவன் இல்லை, அமெச்சூராக நாலு வருடம். ஆனால் பலமாக அடிக்கிறவன் எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும், அதனால் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஒருவர் இருந்தார், என்னைவிட எட்டு கிலோ அதிகம். அவரோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) என்றால் முந்தின நாளே சாப்பாடு இறங்காது. முதல் தடவை நின்றபோது அவர் என்னை இரண்டு குத்துதான் சரியாக அடித்திருப்பார், இரண்டும் கார்டு மேல்தான், முகத்தை மறைத்த கை மேல்தான் விழுந்தன. ஆனாலும் இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் கையைத் தூக்க முடியவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. தோளை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அடி வாங்கிக் களைக்கவில்லை, வரப்போகிற அடியை நினைத்தே களைத்துவிட்டேன். கோச் கத்திக்கொண்டே இருந்தார், "மூச்சு விடு, ஜாப் போடு, மூச்சு விடு" என்று. ஜாப் போட்டால் தன்னால் மூச்சு வெளியே வரும், அதுதான் விஷயம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டக்ளஸின் முதல் மூன்று ரவுண்டைப் பாருங்கள். அவர் தோள் இறுகவே இல்லை. ஜாப், ஜாப், பின்னாலேயே வலது கை, உடனே ஒரு பக்கம் நகர்வது, டைசன் நெருங்கி வந்தால் பிடித்துக்கொள்வது. டைசனிடம் தோற்ற பலருக்கு இது தெரியாமல் இல்லை, செய்யும் அளவுக்கு உடம்பு தளர்வாக இல்லை. டக்ளஸுக்கு அது எப்படி வந்தது என்றால், 23 நாளுக்கு முன்பு அவருடைய அம்மா இறந்துபோனார். அதற்கு மேல் டைசனைப் பார்த்துப் பயப்பட அவரிடம் என்ன மிச்சம் இருந்திருக்கும்? சண்டை முடிந்ததும் உங்களால் இது எப்படி முடிந்தது என்று கேட்கிறார்கள், அம்மாவைச் சொல்லி அழுகிறார். அந்த இடத்தை என்னால் இன்னும் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

முதல் சுற்று சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவின் சாவு ஒரு மனிதனை உடைக்கும், இன்னொருவனை நிமிர்த்தும். எது நடக்கும் என்று வெளியே இருப்பவன் சொல்ல முடியாது.

இரவுக்காட்சி:

எல்லோரும் முதல் ரவுண்டுகளைப் பேசுகிறீர்கள், எனக்கு ஒன்பதாவது ரவுண்டுதான் முக்கியம். எட்டாவதில் டைசனின் வலது அப்பர்கட்டில் விழுந்ததும் டக்ளஸ் கையுறையால் தரையில் ஓங்கி அடிக்கிறார். கவனித்தீர்களா? மயங்கியவன் செய்கிற காரியம் இல்லை அது, இப்படி மாட்டிக்கொண்டேனே என்ற கோபம். ஒன்பது எண்ணும்போது எழுகிறார், மணி அடிக்கிறது. நடுவர் மெதுவாக எண்ணினார் என்று அப்புறம் சண்டையை ஏற்பாடு செய்த டான் கிங் பெரிய ரகளை செய்தார், சில நாளில் அது அடங்கிவிட்டது. நடுவர் எண்ணுவதைப் பார்த்துத்தான் வீரன் எழுவான், கடிகாரத்தைப் பார்த்து இல்லை.

ஒன்பதாவதில் டைசன் முடித்துவிடலாம் என்று பாய்கிறார். பலமாக அடிக்கிற சாம்பியன் ஒருவன் முழுசாகத் திறந்து கிடக்கிற நேரம் அதுதான், இரை விழுந்துவிட்டது என்று அவன் நினைக்கும்போது. டைசனின் இடது கண் ஏற்கனவே வீங்கி மூடிவிட்டது. வீக்கத்தை அழுத்தும் குளிர்ந்த இரும்புகூட அவருடைய கார்னரில் (ரவுண்டு இடைவேளையில் கவனிக்கும் ஆட்களிடம்) இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வலது கை அவருக்கு எப்படித் தெரியும்? அந்த ரவுண்டிலேயே கயிற்றில் சாய்ந்து முடிந்திருக்க வேண்டியவர்.

2019-இல் ஆன்டி ரூயிஸ் - ஆன்டனி ஜோஷுவா சண்டையிலும் இதேதான். மூன்றாவது ரவுண்டில் முதலில் விழுந்தது ரூயிஸ். ஜோஷுவா முடிக்க ஓடி வந்தார், அதே ரவுண்டில் இரண்டு தடவை அவர் விழுந்தார், ஏழாவதில் எல்லாம் முடிந்தது. அப்போதைய சாம்பியன் ஃபோர்மனை முகமது அலி 1974-இல் கவிழ்த்ததும் கொஞ்சம் இப்படித்தான். அதற்கு முந்தின மூன்று பட்டச் சண்டையிலும் ஃபோர்மன் இரண்டாவது ரவுண்டைத் தாண்டியதில்லை. அலி அவரை எட்டாவது ரவுண்டு வரை அடிக்க விட்டார், கை ஓய்ந்த பிறகு அடித்தார்.

முதல் சுற்று:

ஃபோர்மன் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் அலி ஏற்கனவே அலி. டக்ளஸை அவரோடு சேர்க்கமாட்டேன்.

கயிற்றோரம்:

எல்லோருக்கும் நன்றி. இரவுக்காட்சி சொன்ன ஒன்பதாவது ரவுண்டை இப்போதுதான் மறுபடி பார்த்தேன், டைசன் பாய்ந்து வரும்போது இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நேற்று பார்த்தபோது இது கண்ணில் படவே இல்லை. பத்தாவதில் டக்ளஸின் அப்பர்கட் தலையைத் தூக்குகிறது, அதற்குப் பின்னால் நாலு குத்து, டைசன் தரையில் தவழ்ந்து பல் காப்பைத் தேடி எடுத்து ஒரு முனை வெளியே தெரிய வாயில் கவ்வுகிறார்... அந்த நேரத்திலும் எழுந்து நிற்கத்தான் பார்க்கிறார். அவர் மேலும் மரியாதை கூடிவிட்டது.

ஆனால் முதல் சுற்று கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. டைசன் எங்கே மாட்டுவார் என்பது முந்தின நாளே தெரிந்திருக்கலாம், அதைச் செய்கிற ஆள் டக்ளஸ்தான் என்று தெரிந்திருக்காது. அன்றைக்கு நான் இருந்திருந்தால் நானும் டைசன் பக்கம்தான். அடுத்து டக்கர் சண்டை இரண்டையும் பார்க்கிறேன், டக்ளஸோடு ஆடியதும் டைசனோடு ஆடியதும். முதலில் எதைப் பார்க்க வேண்டும் நீளக்கை?

நீளக்கை:

முதலில் டக்ளஸோடு ஆடியது, 1987 மே. ஒன்பது ரவுண்டு வரைக்கும் டக்ளஸின் ஜாபை மட்டும் பாருங்கள், டோக்கியோவில் பார்த்த அதே ஜாப். பத்தாவதில் கால் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.